ரெண்டு கைக்கு ஒரு ஆப்பு

பவர் பிரஸ் பார்த்திருக்கீங்களா? பார்க்கலைன்னா நல்லதாப் போச்சு, விரலெல்லாம் பத்திரமா இருக்கும். தகடை உள்ள வச்சுட்டு, ரெண்டு பக்கமும் இருக்கிற பட்டனை ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கணும். அப்பதான் மேல தொங்குற டை, அதாவது தகடை வெட்டுற இரும்பு அச்சு, கீழ இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா கை உள்ள மாட்டாது. இதைக் கண்டுபிடிச்சவர் பெரிய அறிவாளி, ஒத்துக்கறேன். ஆனா மனுஷன் ஒரகடம் பக்கம் வந்ததே இல்ல போல. வந்திருந்தா, இடது பட்டன்ல ஒரு ரூபா காயினைச் சொருகி, மேல இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி, வலது கையால மட்டும் மெஷினை ஓட்டிக்கிட்டு இடது கையால தகடு மாத்துற அழகைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பார். இதுக்கு எங்க பக்கம் பேரு ஆப்பு. சூப்பர்வைசருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியும். சேஃப்டி வாரத்துல வந்து உறுதிமொழி படிச்சுட்டு சமோசா தின்னுட்டுப் போற ஆபீசருக்கும் தெரியும். டார்கெட் வருதா, வருது. அப்புறம் என்ன?

ஒரு கம்பெனியில பிரஸ் ஓட்டின யாக்கோபு அண்ணாவுக்கு அப்படித்தான் இடது கையில ரெண்டு விரல் போச்சு. நான் அப்போ அதே கம்பெனியில மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பேரு கங்கா, வூடு குன்றத்தூர். அண்ணா கையைப் புடிச்சுக்கிட்டு நான் கத்துறேன், சூப்பர்வைசர் ஓடிவந்தான். சரி, மனுஷன் உதவிக்கு வர்றான்னு நினைச்சேன். அவன் நேரா மெஷினுக்குப் போயி டேப்பைப் பிரிச்சு காயினை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். 'ஆபரேட்டர் கவனக்குறைவு'ன்னு ரிப்போர்ட் எழுதணும் இல்லையா, அதுக்கு. அன்னைக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் இறங்கல.

வேலையை விட்டுட்டு ஒரு சின்னப் பொட்டி செஞ்சேன். பிரஸ்ஸுல மாட்டினா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பட்டனையும் விட்டுட்டு மறுபடி அமுக்கறாங்களான்னு பார்க்கும். எல்லாம் சரின்னா பச்சை விளக்கு. ஒரு பட்டன் அமுங்கினபடியே இருந்தா, அதாவது ஆப்பு வச்சிருந்தா, சிவப்பு. மெஷின் அசையாது. 'ரெண்டு கை'ன்னு பேரு வச்சேன். அதோட புரோகிராமை அப்படியே இணையத்துல போட்டுட்டேன். யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம், வித்துக் காசு கூட பார்க்கலாம். ஒரே ஒரு கண்டிஷன்: மாத்தினா, என்ன மாத்தினேன்னு ஊருக்குக் காட்டணும். ஓப்பன் சோர்ஸ்னு சொல்வாங்க. எங்க அம்மா இதுக்கு 'பிழைக்கத் தெரியாத தனம்'னு சொல்வாங்க.

பொட்டியைச் செய்ய ஒரு ஆள் வேணுமே. தணிகாசலம் சார் கிடைச்சார். இருங்காட்டுக்கோட்டையில பேனல் போர்டு பட்டறை வச்சிருக்கார். நெத்தி நிறைய விபூதி, வாய் நிறைய 'நம்ம ஜனங்களுக்கு ஏதாவது செய்யணும்மா'. புரோகிராம் என் பொறுப்பு, பொட்டி செஞ்சு விக்கறது அவர் பொறுப்பு, லாபமும் அவருக்கே, 'ரெண்டு கை'ங்கிற பேரு மட்டும் யாருக்கும் தனிச் சொத்து இல்லன்னு பேசி, பட்டறை வாசல்லயே கை குலுக்கினோம். பத்திரம் எழுதலையான்னு கேக்காதீங்க. நல்லவங்களோட சேரும்போது பத்திரம் கேட்டா அசிங்கம்னு நினைச்ச காலம் அது.

அப்புறம் நன்கொடை வர ஆரம்பிச்சுது. எந்தெந்த நாட்டுலயோ பிரஸ் ஓட்டறவங்க, விரல் போனவங்க, என் பக்கத்தைப் பார்த்துட்டு எழுதினாங்க. போலந்துக்காரர் ஒருத்தர், கட்டை விரல் இல்லாதவர், 'பொட்டி வாங்க வசதி இல்லாத பட்டறைக்கெல்லாம் சும்மா கொடுங்க, நான் காசு தர்றேன், பிட்காயின்ல அனுப்பட்டுமா'ன்னு கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் பல பேர். ஆடிட்டர் தலையில அடிச்சுக்கிட்டார், ஆனா கணக்கை எழுதிட்டார்.

பிட்காயின்ல ஒரு சௌகரியம், காசு போனா போனதுதான். பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்த்து அழ முடியாது. அதனால அந்தக் காசு இருக்கிற வாலட்டுக்கு மூணு கீ போட்டேன். பென் டிரைவ் சைஸ்ல ஒரு சாமான், அதுதான் கீ. என்கிட்ட ஒண்ணு, தணிகாசலம் சார்கிட்ட ஒண்ணு, யாக்கோபு அண்ணாகிட்ட ஒண்ணு. எதாவது ரெண்டு கீ சேர்ந்து சரின்னு சொன்னாத்தான் காசு வெளிய போகும். தணிகாசலம் சாருக்கு இதை விளக்க ஒரு மத்தியானமே ஆச்சு. யாக்கோபு அண்ணா பார்த்த உடனே, "ரெண்டு பட்டன் மேட்டரு தான மேடம்"னார்.

ஒவ்வொரு கீயும் ஆரம்பத்துல பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை காட்டும். கீ தொலைஞ்சா, அந்த வார்த்தைகளை வரிசையா வேற ஒரு கீயில போட்டா பழைய கீ உயிரோட வந்துடும். அதனால எழுதி பத்திரமா வையுங்க, போட்டோ எடுக்காதீங்க, யார்கிட்டயும் காட்டாதீங்க, என்கிட்ட கூட காட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். தணிகாசலம் சார் ஆயுத பூஜைக்கு அந்தக் கீயை ஸ்பேனர் பக்கத்துல வச்சு, சந்தனத்தை அப்பி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டார். கம்பியைச் சொருகுற ஓட்டையெல்லாம் சந்தனம். குச்சியால நோண்டி எடுத்தது யாரு? நான்தான்.

போன மாசம் புராஜெக்ட் பக்கத்துல ஒரு புகார் வந்துச்சு. மாரிராஜ்னு ஒருத்தர், ஸ்ரீபெரும்புதூர்ல ஏதோ கம்பெனி மெயின்டனன்ஸ். 'தங்கள் பெட்டியில் புரொடக்‌ஷன் மோடு ஸ்விட்ச் லூசாக உள்ளது. அடிக்கடி தானாகவே ஆஃப் ஆகி, பாதுகாப்பு வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. உற்பத்தி பாதிக்கிறது. உடனே சரிசெய்யவும்.'

பாதுகாப்பு வேலை செய்யுதாம், அதுக்குப் புகார்! நான் எழுதினதுல புரொடக்‌ஷன் மோடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. போட்டோ கேட்டேன், அனுப்பினார். என் பொட்டி, என் பேரு, பேருக்குப் பக்கத்துல தங்க எழுத்துல 'ப்ரோ'. ஓரத்துல திருகற மாதிரி ஒரு ஸ்விட்ச்.

நேரா பட்டறைக்குப் போனேன்.

"சார், இது என்ன?"

"ப்ரோ மாடல்ம்மா. எப்படி இருக்கு?"

"இந்த ஸ்விட்சைத் திருப்பினா என்ன ஆகும்?"

"பச்சை எரியும்."

"ஆப்பு வச்சிருந்தாலும்?"

"கஸ்டமர் கேக்கறான் கங்கா. உன் பொட்டியை மாட்டினா மெஷின் நிக்குதுங்கறான். நிக்காத பொட்டி வேணுமாம்."

"அதுக்கு எதுக்கு சார் பொட்டி? சந்தையில பச்சை பல்பு விக்குது, வாங்கி மாட்டிக்கச் சொல்லுங்க."

"பல்புக்கு ஆடிட்ல மார்க் கிடையாதேம்மா." அவ்வளவு பொறுமையா சொன்னார், ஏதோ நான்தான் விவரம் புரியாத பொண்ணு மாதிரி. "பெரிய கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வர்றான், சேஃப்டி பொட்டி இருக்கான்னு பார்க்கறான், இருக்கு, டிக் அடிச்சுட்டுப் போறான். எல்லாருக்கும் சந்தோஷம்."

"மாத்தினதை வெளியிடணும்னு லைசென்ஸ்ல இருக்கு."

"நான் டிரைவிங் லைசென்ஸையே இன்னும் ரின்யூ பண்ணல."

"அப்போ 'ரெண்டு கை'ங்கிற என் பேரை எடுங்க சார்."

"உன் பேரா? அதை என் கம்பெனி பேர்ல ரெஜிஸ்டர் பண்ணக் கொடுத்து ரொம்ப நாளாச்சே. வந்துட்டா, நீதான் என்கிட்ட கேட்டு யூஸ் பண்ணணும். ஆனா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன், நீ நம்ம பொண்ணு."

எவ்வளவு பெரிய மனசு! எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. அவர் நிறுத்தல. நன்கொடைக் காசை ப்ரோவுல போட்டா இன்னும் நிறைய பட்டறைக்குப் பொட்டி போகும், பொட்டின்னா எல்லாம் பொட்டிதான்னார். என் கீ அதுக்கு வரவே வராதுன்னு சொன்னேன். "பரவால்லம்மா, நீ சிரமப்பட வேணாம்"னு சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

பிட்காயின்ல இன்னொரு சௌகரியம், போன காசு எங்க போச்சுன்னு உலகமே பார்க்கலாம். வாசல்ல நின்னு போன்ல வாலட்டைத் திறந்தேன். காசு ஏற்கனவே ஒரு தடவை வெளிய போயிருக்கு. ரெண்டு கீயோட கையெழுத்தும் இருக்கு. ஒண்ணு தணிகாசலம் சாரோடது. இன்னொண்ணு யாக்கோபு அண்ணாவோடது.

உள்ள போய் அவர் சட்டையைப் புடிக்கணும்னு இருந்துச்சு. சத்தியமா சொல்றேன், என் வாழ்க்கையில அன்னைக்குத்தான் வாயை மூடிக்கிட்டு திரும்பி வந்தேன். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா மிச்சத்தையும் அந்த நிமிஷமே வழிச்சிடுவார்.

யாக்கோபு அண்ணா இப்போ சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோ ஓட்டறார். நான் போனப்போ செகண்ட் ஷிஃப்டுக்குப் போற கும்பல் ஏறி உட்கார்ந்திருந்துச்சு.

"அண்ணா, உங்க கீ எங்க?"

"தணிகாசலம் சார்கிட்ட கீது மேடம்."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"ஒவ்வொரு வாட்டியும் சவாரியை உட்டுட்டு நீ இருங்காட்டுக்கோட்டைக்கு வரணுமா, உன் கீ இங்கியே இருக்கட்டும்னாரு. பின் நம்பரைக் கூட டேப்ல எழுதி அது மேலயே ஒட்டிக் குடுத்துட்டேன்."

"என்ன டேப்?"

"இன்சுலேஷன் டேப்பு."

நான் கத்தின கத்துல ஸ்டேஷன் வாசல்ல பூ வித்த அம்மா எழுந்து நின்னுட்டாங்க. "ரெண்டு கையும் வேணும்னுதானே ரெண்டு கீ வச்சேன்! ஒரே ஆள்கிட்ட ரெண்டையும் குடுத்தா அதுக்கு என்ன பேரு? நீங்களே சொல்லுங்க, அதுக்கு என்ன பேரு?"

அண்ணா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஆப்பு"ன்னார்.

சரி, அழுது என்ன பண்றது. அவரோட பன்னெண்டு வார்த்தை இருந்தா, என் பையில இருக்கிற காலி கீயில அவர் கீயை மறுபடி உண்டாக்கலாம். அதையும் என் கீயையும் சேர்த்து, தணிகாசலம் சார் முழிச்சுக்கறதுக்குள்ள மிச்சக் காசை வேற வாலட்டுக்கு மாத்திடலாம். வார்த்தை எங்கன்னு கேட்டேன். ஆட்டோ ஆர்.சி. புக் கவர்லேர்ந்து எடுத்தார். டிராஃபிக் போலீஸ் வாரா வாரம் வாங்கிப் பார்க்கிற கவர். ஒருத்தர் 'இது இன்னா ஜெபமா'ன்னு கூட கேட்டாராம்.

வாங்கிப் பார்த்தேன். பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தையும் தமிழ் எழுத்துல இருக்கு.

"இங்கிலீஷ்ல எழுதினா ஸ்பெல்லிங் தப்பு வரும் மேடம். தமிழ்ல எழுதினா தப்பே வராது இல்ல?"

வராது. தப்பே வராது. ஆனா 'கோட்'னு எழுதியிருக்காரே, அது ஆடா, நான் எழுதற புரோகிராம் கோடா? 'பாஸ்'னா முதலாளியா, பரிட்சையில பாஸா? 'கேட்'னா பூனையா, வாசல்ல இருக்கிற கேட்டா? எல்லாமே அந்த வார்த்தைப் பட்டியல்ல இருக்கு! ஒரு எழுத்து மாறினாலும் கீ வராது. நான் ஆட்டோவுல ஏறி, மடியில லேப்டாப்பை வச்சு ஒண்ணொண்ணா போட ஆரம்பிச்சேன். கோடு, முதலாளி, கேட்டு. தப்பு. ஆடு, முதலாளி, கேட்டு. தப்பு.

"அக்கா, ஷிஃப்டுக்கு டைமாவுது, எறங்கி வெளையாடுங்க"ன்னு ஒருத்தன். "இரு, அவங்களே டென்ஷன்ல கீறாங்க"ன்னு ஒரு அம்மா. கடைசியில பின் சீட்டு பொண்ணு ஒண்ணு எட்டிப் பார்த்து, "பூனையைப் போட்டுப் பாருங்கக்கா"ன்னுச்சு. வார்த்தையை யார்கிட்டயும் காட்டாதீங்கன்னு சென்னையில மேடை போட்டுப் பேசினவ நான். இங்க ஒரு ஷேர் ஆட்டோவே சேர்ந்து ரகசியத்தைக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கு.

ஆடு, பரிட்சை பாஸ், பூனை. கீ வந்துடுச்சு. பின் சீட்டு பொண்ணு கையைத் தட்டிச்சு.

என் கீ ஒரு கையெழுத்து, அண்ணாவோடது ஒரு கையெழுத்து, மிச்சக் காசு மொத்தமும் புது வாலட்டுக்குப் போயிடுச்சு. அது என் ஒருத்தி பேர்லதான் இருக்கு, ஏன் அப்படி, எப்போ மாத்துவேன்னு அந்த இடத்துலயே புராஜெக்ட் பக்கத்துல எழுதிப் போட்டேன். போட்டு முடிக்கல, தணிகாசலம் சார் போன். "திருடி! நம்பிக்கைத் துரோகி!"ன்னார். யாரு, என்னை! போலீஸுக்குப் போவாராம். "போங்க சார், போறப்ப அந்த டேப் ஒட்டின கீயையும் எடுத்துட்டுப் போங்க"ன்னு வச்சுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு வயிறு குளிர்ந்துச்சு.

"ஏண்ணா, உங்களுக்குத் தெரியாதா? சவாரிக்காகவா கீயைக் குடுப்பாங்க?"ன்னு அப்புறம்தான் நிதானமா கேட்டேன்.

அண்ணா வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே, கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டு சொன்னார். "மொதப் பொட்டியை கலைமதி கம்பெனிக்குக் குடுக்கறேன்னாரு மேடம். அது பிரஸ்லதான ஒக்காந்துனு கீது. எனக்கு ஆனது அதுக்கு ஆவக் கூடாது இல்ல? மாட்டிட்டாங்க. பச்சை நல்லா எரியுதாம்."

கலைமதி அக்கா அவர் சம்சாரம். வெளிய போன காசுல செஞ்ச பொட்டி எல்லாமே ப்ரோ.

சொன்னேன். பச்சை பொய்ன்னதும் அண்ணா வண்டியை விரட்டினார். எவன் எங்க இறங்கணும்னு கேட்டான்னு தெரியல, எங்கயும் நிறுத்தல. ஒரகடத்துல அக்கா வேலை பார்க்கிற பலராமன் முதலாளியோட பட்டறை வாசல்ல, ஆட்டோ நிறைய ஆளோட, இன்ஜினை அணைக்காம இறங்கி ஓடினார். நான் பின்னாடி ஓடினேன்.

வரிசையா பிரஸ். ரெண்டாவது மெஷின்ல கலைமதி அக்கா. பொட்டியில பச்சை எரியுது, ஸ்விட்ச் திருப்பியிருக்கு, இடது பட்டன்ல டேப். அக்கா பக்கத்து மெஷின் பொண்ணோட பேசிக்கிட்டே வேலை பார்க்கறாங்க. இடது கை உள்ள போவுது, வருது, போவுது, வருது. கையைப் பார்க்கக் கூட இல்ல.

"அக்கா, நிறுத்துங்க! ஆப்பு வச்சுக்கிட்டா ஓட்டறீங்க?"

"அட, கங்காவா! பச்சை எரியுதே, பார்க்கலியா?" அக்கா முகம் பூரா சிரிப்பு. "இவரு வாங்கிக் குடுத்த பொட்டி. ஆப்பு வச்சாலும் கை உள்ள இருந்தா மெஷின் தானா நின்னுடுமாமே, மொதலாளி சொன்னாரு. மின்னாடியெல்லாம் பயந்து பயந்து கையை உடுவேன். இப்ப பயமே இல்லம்மா."

பச்சைன்னா பயப்பட வேணாம்னு இந்தப் பக்கம் பூரா பட்டறை பட்டறையாப் போய்ச் சொல்லிக் குடுத்தது நான்.

யாக்கோபு அண்ணா அவங்க கையைத் தள்ளிவிட்டுட்டு, தன் இடது கையை டைக்குக் கீழ வச்சார்.

"அமுக்கு."

"இன்னாய்யா, பைத்தியமா உனுக்கு? கையை எடு!"

"பச்சை எரியுது இல்ல? அமுக்கு."

நான் மெயின் ஸ்விட்ச் பக்கம் பாய்ஞ்சேன். "மேடம், அதைத் தொடாதீங்க"ன்னார். அப்படி ஒரு குரல் அவர்கிட்ட நான் கேட்டதே இல்ல. தொடல. கலைமதி அக்கா வலது கையைப் பட்டன்லேர்ந்து வெடுக்குன்னு எடுத்து நெஞ்சோட சேர்த்துப் புடிச்சுக்கிட்டாங்க. பக்கத்து மெஷின் நின்னுச்சு, அதுக்கடுத்ததும் நின்னுச்சு.

சத்தம் நின்னா முதலாளி வந்துடுவார் இல்ல, வந்துட்டார். "இன்னா ஆச்சு? ஏன் லைன் நிக்குது? பச்சைதான எரியுது?"

"ஆமா மொதலாளி, பச்சைதான் எரியுது"ன்னார் அண்ணா. கையை எடுக்கல. "கை உள்ள கீது. மெஷினு நின்னுடும்னு சொன்னீங்களாமே. வாங்க. நீங்க அமுக்குங்க."

பலராமன் பச்சையைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அந்த மூணு விரலைப் பார்த்தார். "கேஸாயிடும்ப்பா, கையை எடு"ன்னார். அண்ணா எடுக்கல. முதலாளி சட்டைக் காலரைத் துடைச்சுக்கிட்டு, வந்து, அவர் கையாலயே ஸ்விட்சைத் திருப்பினார். பச்சை அணைஞ்சு சிவப்பு எரிஞ்சுது. யாரையும் பார்க்காம ஆபீசுக்குள்ள போயிட்டார்.

கலைமதி அக்கா புருஷன் கையைப் புடிச்சு வெளிய இழுத்து, அந்தக் கையையே படபடன்னு அடிச்சாங்க. "இருக்கறதே மூணு! அதையும் இங்க உட்டுட்டுப் போலாம்னு வந்தியா? நான் இன்னாய்யா பண்ணுவேன், நான் இன்னா பண்ணுவேன்?" அழுதுக்கிட்டே அடிக்கிறாங்க, நிறுத்தவே இல்ல.

"உன் கைக்காகத்தான்டி அந்தக் கீயைக் குடுத்தேன்"னார் அண்ணா, அடியை வாங்கிக்கிட்டே. அக்காவுக்கு எந்தக் கீ, என்ன கீன்னு ஒண்ணும் தெரியாது. வாசல்ல ஷிஃப்டுக்கு லேட்டான சனம் ஆட்டோ ஹாரனை விடாம அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.